கான்டூர் படத்தில் புள்ளி வைப்பதும் அச்சைச் சரிசெய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில், ஆய்வேடுகளை அச்சிட்டு பைண்டிங் செய்து தரும் கடையில் படம் வரைந்து கொடுப்பது என் வேலை. மார்ச் பிறந்துவிட்டால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பழைய வட ஆற்காட்டின் பல மூலைகளிலிருந்தும் மாணவர்கள் பென் டிரைவோடு வருவார்கள். பெரும்பாலும் நிலத்தடி நீர் ஆய்வு. பாலாற்றங்கரைக் கிணறுகள், தோல் தொழிற்சாலைகள், உப்பு, குரோமியம். கேள்விகளும் ஆண்டுதோறும் அவையேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். மென்பொருள் கட்டளைகளை ஒலிப்புப்படியே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

1. கான்டூர் என்றால் உயரம்தானே? நான் எடுத்தது கிணற்றுத் தண்ணீரின் உப்பு. அதற்குப் போடலாமா?

போடலாம். ஒரே மதிப்புள்ள இடங்களை இணைக்கும் கோடு எதுவானாலும் அது கான்டூர்தான். தமிழில் சமமதிப்புக் கோடு. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தில் ஏலகிரியைச் சுற்றி 20 மீட்டருக்கு ஒன்றாக நெளியும் சம உயரக் கோடுகளையே முதலில் பார்த்துப் பழகியதால், உயரத்துக்கு மட்டும்தான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1701-இல் அட்லாண்டிக் கடலுக்கு இப்படிக் கோடு போட்டபோது அவர் காட்டியது உயரத்தை அல்ல, காந்த ஊசி வடக்கிலிருந்து விலகும் கோணத்தை.

1774-இல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையில் எடுத்த அளவுகளைக் கணக்கிட உட்கார்ந்த கணிதவியலாளர் சார்லஸ் ஹட்டன், தாளில் சிதறிக்கிடந்த உயர எண்களில் சமமானவற்றைக் கோட்டால் இணைத்தார். அவருக்கு முதலில் இருந்தவை புள்ளிகள். கோடு அவற்றைப் படிக்க உதவிய ஏற்பாடு. நம் படங்களில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது என்பதுதான் என் ஆதங்கம். 4-வது கேள்வியில் அதை விரிவாகச் சொல்கிறேன்.

2. எக்செல்லில் செய்ய முடியாதா? எதற்கு வேறு மென்பொருள்?

எக்செல்லில் ‘சர்ஃபேஸ்’ வகைப் படம் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் கான்டூர் போலவே தெரியும். ஆனால் அதன் இரண்டு கிடை அச்சுகளும் உண்மையான எண் அச்சுகள் அல்ல. 79.10, 79.12, 79.30 என்று மூன்று தீர்க்கரேகைகளைக் கொடுத்தால் மூன்றையும் சம தூரத்தில் நிறுத்தும். அதன்மேல் கிணறுகளைப் புள்ளிகளாக வைக்கவும் விடாது, ஏனென்றால் சர்ஃபேஸ் படத்தோடு வேறு வகைப் படத்தைச் சேர்க்க முடியாது. தரவை ஒழுங்குபடுத்த எக்செல் போதும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிலவியல் துறையினர் அதிகம் கேட்பது சர்ஃபர். விலை கொடுத்து வாங்க வேண்டியது. இலவசமாக வேண்டுமென்றால் 1986 முதல் இருந்துவரும் க்னுபிளாட், ஜான் ஹன்டர் 2003-இல் வெளியிட்ட பைத்தான் நூலகமான மேட்பிளாட்லிப், நில வரைபடத்துக்கென்றே உள்ள கியூஜிஐஎஸ் ஆகியவை இருக்கின்றன. புதிதாகக் கற்பவருக்கு மேட்பிளாட்லிப்பைச் சொல்வேன். எந்தப் படியில் என்ன நடந்தது என்பது கட்டளை வரிகளிலேயே இருக்கும். ஆறு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வில் கேட்டாலும் பதில் சொல்லலாம்.

3. 32 கிணறுகளின் தரவு இருக்கிறது. கான்டூர் போடச் சொன்னால் ‘இரு பரிமாணமாக இருக்க வேண்டும்’ என்று பிழை காட்டுகிறது. ஏன்?

கான்டூர் கட்டளை கேட்பது கட்டம். உங்களிடம் இருப்பது பட்டியல். சதுரங்கப் பலகை போல வரிசையும் நெடுவரிசையுமாக ஒவ்வொரு முனையிலும் ஒரு மதிப்பு இருந்தால்தான் அதற்குக் கோடு இழுக்கத் தெரியும். கிணறு இல்லாத முனைகளுக்கு மதிப்பைக் கணித்து நிரப்புவதே இடைச்செருகல். சர்ஃபர் இதைச் செய்து தரும். அங்கே இயல்பாக அமைந்திருக்கும் முறை கிரிகிங். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் சில துளைகளின் அளவை வைத்துச் சுற்றியுள்ள பாறையை மதிப்பிட முயன்ற டானி கிரிக் என்ற சுரங்கப் பொறியாளரின் பெயரால் வந்த முறை அது. க்னுபிளாட்டில் ‘டிகிரிட்3டி’ கட்டளை. மேட்பிளாட்லிப்பில் கட்டமே இல்லாமல் ‘ட்ரைகான்டூர்’ போடலாம். கிணறுகளை முக்கோணங்களாக இணைத்து அதற்குள் கோடு இழுக்கும்.

முப்பது நாற்பது கிணறுகள் மட்டும் இருந்தால் முதல் படத்தை ட்ரைகான்டூரில் போட்டுப் பாருங்கள் என்பது என் பழக்கம். கோடுகள் முனை முனையாக, அழகில்லாமல் இருக்கும். ஆனால் எந்த இடத்தில் உங்கள் தரவு மெலிந்திருக்கிறது என்பதை அந்தப் பெரிய முக்கோணங்கள் மறைக்காமல் காட்டிவிடும்.

4. கிணறுகளைப் படத்தில் காட்டத்தான் வேண்டுமா? ‘புள்ளி புள்ளியாக அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு’ என்கிறார் கைடு.

எடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். படத்தில் நீங்கள் அளந்தது புள்ளிகளை மட்டும்தான். மீதி நிறம் முழுவதும், வளைந்து வளைந்து போகும் ஒவ்வொரு கோடும், மென்பொருள் உங்கள் சார்பில் சொன்ன கணிப்பு. புள்ளிகளை எடுத்துவிட்டால், பார்ப்பவருக்கு எது அளந்தது எது கணித்தது என்று பிரித்துப் பார்க்கவே வழியில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி இரண்டு தாள்களைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். ஒன்றில் ஆற்றின் தென்கரையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு, நடுவில் வட்டத்துக்குள் வட்டமாக நான்கு கோடுகள். ‘இங்கே பெரிய மாசு மையம் இருக்கிறது’ என்று அத்தியாயத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அடுத்த தாளில் அதே படம், கிணறுகளோடு. அத்தனை வட்டங்களுக்கும் நடுவே ஒரே ஒரு புள்ளி. சுற்றிலும் விரல் நீளத்துக்கு வேறு புள்ளியே இல்லை. அந்த ஒரு கிணறு சாயக்கழிவுக் குழிக்குப் பக்கத்தில் இருந்ததா, மாதிரிப் புட்டி மாறிப்போனதா, உண்மையிலேயே அந்தப் பகுதி முழுவதும் கெட்டிருந்ததா, எதுவும் படத்தில் இல்லை. இப்படி ஒரே புள்ளியைச் சுற்றி எழும் வட்டங்களை ‘காளைக்கண்’ என்பார்கள். தூரத்தை மட்டும் பார்த்து எடையிடும் இடைச்செருகல் முறையில் இவை அதிகம் வரும். அந்த மாணவி மறுபடியும் போய் அந்தக் கிணற்றையும் அக்கம்பக்கத்தில் ஐந்து கிணறுகளையும் அளந்து வந்தார். இரண்டு பக்க விளக்கம் நான்கு வரியாயிற்று. அந்த நான்கு வரி நிற்கும்.

அசிங்கமாகத் தெரிகிறது என்றால் புள்ளியைச் சிறிதாக்குங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் கறுப்பு வட்டம், அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு. எந்த நிறத்தின் மேலும் தெரியும், கண்ணை உறுத்தாது.

5. புள்ளி வைக்கக் கட்டளை கொடுத்தேன், பிழையும் வரவில்லை. ஆனால் படத்தில் புள்ளியே இல்லை!

முதலில் அடுக்கு வரிசையைப் பாருங்கள். மேட்பிளாட்லிப்பில் ஒவ்வொன்றுக்கும் ‘இசட்ஆர்டர்’ என்ற அடுக்கு எண் உண்டு. நிறம் நிரப்பும் கான்டூருக்கு 1, கான்டூர் கோட்டுக்கு 2, ‘ஸ்கேட்டர்’ புள்ளிக்கு 1. அதனால் புள்ளியைக் கடைசியாகப் போட்டாலும் கோடு அதன்மேல் ஏறிப் போகும். கோடு நெருக்கமாக இருந்தால் புள்ளி மறைந்தே போகும். ஸ்கேட்டருக்கு இசட்ஆர்டர் 3 என்று கொடுத்தால் தீர்ந்தது.

க்னுபிளாட்டில் காரணம் வேறு. கான்டூர் அங்கே முப்பரிமாணக் கட்டளையான ‘எஸ்பிளாட்’ வழியே வருகிறது. கிணற்றுக் கோப்பையும் அதே எஸ்பிளாட்டுக்குள்தான் கொடுக்க வேண்டும்; மூன்றாவது நெடுவரிசைக்கு 0 என்று போட்டால் போதும். இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. டிகிரிட்3டி செயலில் இருக்கும்போது அது கிணற்றுக் கோப்பையும் கட்டமாக மாற்றிவிடும். 32 புள்ளிகளுக்குப் பதில் ஒழுங்கான புள்ளி வரிசை முளைக்கும். ‘ஸெட் டேபிள்’ கொடுத்துக் கட்டத்தை முதலில் ஒரு கோப்பில் எழுதிவிட்டு, டிகிரிட்3டியை நிறுத்திய பிறகு இரண்டு கோப்புகளையும் சேர்த்து வரையுங்கள்.

இரண்டும் இல்லையென்றால், புள்ளி வேறு ஊருக்குப் போயிருக்கிறது. அடுத்த மூன்று கேள்விகளையும் படியுங்கள்.

6. சர்ஃபரில் கோடு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம் நிற்கிறது. இழுத்து இழுத்துப் பொருத்துகிறேன்.

கையால் இழுத்துப் பொருத்தவே கூடாது. கான்டூரும் புள்ளிப் படமும் தனித்தனி வரைபடங்களாக இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, தனி அளவு. இரண்டையும் தேர்ந்தெடுத்து ‘ஓவர்லே மேப்ஸ்’ கொடுத்தால் ஒரே அச்சுக்குள் வந்து தாமாகவே இடத்தில் உட்காரும். அப்படியும் பொருந்தவில்லை என்றால், ஒன்று டிகிரியிலும் மற்றொன்று மீட்டரிலும் இருக்கிறது என்று பொருள்.

7. அட்சரேகை எக்ஸா, ஒய்யா? படம் ஒருமாதிரி கவிழ்ந்து தெரிகிறது.

அட்சரேகை ஒய், தீர்க்கரேகை எக்ஸ். ‘அட்சரேகை, தீர்க்கரேகை’ என்று சொல்லிப் பழகிய வரிசையிலேயே கோப்பிலும் எழுதிவிடுவதால் முதல் நெடுவரிசை எக்ஸ் ஆகிவிடுகிறது. வேலூர் ஏறத்தாழ வடக்கு 12.92, கிழக்கு 79.13. இரண்டையும் மாற்றிப் போட்டால் வடக்கு 79.13, கிழக்கு 12.92, அது வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். கியூஜிஐஎஸ்ஸில் பின்னணி வரைபடத்தோடு திறந்தால் இந்தத் தவறு உடனே அகப்படும். வெறும் அச்சு மட்டும் உள்ள படத்தில் யார் கண்ணிலும் படாமல் ஆய்வேடு வரை போயிருக்கிறது.

எக்ஸ், ஒய் சரியாக இருந்தும் கவிழ்ந்து தெரிந்தால் கட்டத்தின் வரிசையைப் பாருங்கள். மேட்பிளாட்லிப்பில் கட்டத்தின் வரிசைகள் ஒய்க்கு, நெடுவரிசைகள் எக்ஸுக்கு. ‘இம்ஷோ’ கட்டளை முதல் வரிசையை மேலே வைக்கும், கான்டூர் கட்டளை கீழே வைக்கும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் நிறம் ஒரு திசையும் கோடு எதிர்த்திசையும் பார்க்கும். இம்ஷோவுக்கு ‘ஆரிஜின் லோயர்’ கொடுங்கள்.

8. எல்லாம் சரி. ஆனால் சில கிணறுகள் மட்டும் ஆற்றை விட்டு வெகு தூரம் தெற்கே தள்ளி நிற்கின்றன.

அந்தக் கிணறுகளின் இடக்குறிப்பை டிகிரி, நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். 12 டிகிரி 55 நிமிடம் என்பது 12.55 அல்ல. நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும்: 12.917. 12.55 என்று போட்டால் கிணறு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிடும். இருவர் சேர்ந்து மாதிரி எடுத்து, ஒருவர் கைபேசியில் தசமமாகவும் மற்றவர் ஜிபிஎஸ் கருவியில் நிமிடமாகவும் குறித்திருந்தால் இந்தக் குழப்பம் வரும். களத்துக்குப் போகும் முன்பே எந்த வடிவம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு சோதனை: தசமப் பகுதியின் முதல் இரண்டு இலக்கம் எந்தக் கிணற்றிலும் 59-ஐத் தாண்டவில்லை என்றால் சந்தேகப்படலாம்.

9. அச்சை எப்படி வைத்தாலும் பகுதி நசுங்கியோ நீண்டோ தெரிகிறது. சரியான அளவு எது?

மென்பொருளுக்கு உங்கள் அச்சு நிலத்தின் தூரம் என்று தெரியாது. தாளின் இடத்தை நிரப்பும்படி இரண்டு அச்சுகளையும் தனித்தனியே இழுத்துக்கொள்ளும். பாலாற்றுப் பள்ளத்தாக்கு போலக் கிழக்கு மேற்காக நீண்ட பகுதியைச் சதுரமாக்கிவிடும். மேட்பிளாட்லிப்பில் ‘ஸெட் ஆஸ்பெக்ட் ஈக்வல்’, க்னுபிளாட்டில் ‘ஸெட் சைஸ் ரேஷியோ மைனஸ் 1’ கொடுத்தால் இரண்டு அச்சிலும் ஓர் அலகு ஒரே நீளமாகும்.

டிகிரியிலேயே வரைந்தால் சிறு திருத்தம் வேண்டும். நம் அட்சரேகையில் ஒரு டிகிரி வடக்கு தெற்காக ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 108.5 கிலோமீட்டர். வேறுபாடு இரண்டு சதவீதம் அளவே என்பதால் இங்கே பெரிதாகத் தெரியாது. இதே பழக்கத்தோடு காஷ்மீர் தரவை வரைந்தால் படம் கண்ணுக்குத் தெரியும்படி அகன்றுவிடும். மீட்டருக்கு மாற்றிவிடுவது நல்லது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் யுடிஎம் (உலகை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை) 44-வது மண்டலத்தில் இருக்கின்றன. ஓசூர்ப் பக்கத்துக் கிணறுகளையும் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்: 78 டிகிரிக்கு மேற்கே போனதும் மண்டலம் 43 ஆகிவிடும், இரண்டு மண்டல எண்களை ஒரே அச்சில் கலக்கக் கூடாது.

10. மீட்டருக்கு மாற்றினேன். அச்சில் 0, 200, 400 என்று வருகிறது. மூலையில் ஏதோ ‘கூட்டல் 1.428’ என்று இருக்கிறது. என்ன அது?

மேட்பிளாட்லிப் எண்களைச் சுருக்கியிருக்கிறது. வேலூர் யுடிஎம்மில் கிழக்கு ஏறத்தாழ 2,97,000 மீட்டர், வடக்கு ஏறத்தாழ 14,29,000 மீட்டர். உங்கள் பகுதி சிறியதாக இருந்தால் எல்லா எண்ணுக்கும் பொதுவான 14,28,000-ஐ மூலையில் ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் அச்சில் எழுதும். அச்சிடும்போது அந்த மூலைக் குறிப்பு வெட்டுப்பட்டுப் போனால் உங்கள் கிணறு எங்கே இருக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. ‘டிக்லேபிள் ஃபார்மட்’ கட்டளையில் ‘ஸ்டைல் பிளெய்ன்’, ‘யூஸ்ஆஃப்செட் ஃபால்ஸ்’ இரண்டையும் கொடுங்கள். எண்கள் ஒன்றோடொன்று முட்டினால் அச்சில் நான்கு ஐந்து குறிகள் போதும். அல்லது எல்லாவற்றையும் 1000-ஆல் வகுத்து அச்சின் பெயரில் ‘கிலோமீட்டர்’ என்று எழுதிவிடுங்கள்.

11. புள்ளிக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயர் எழுதினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது.

படத்தில் எண் மட்டும், பெயர்கள் கீழே அட்டவணையில். இருபது கிணறுகளுக்கு மேல் இருந்தால் வேறு வழியே தேட வேண்டாம்.

12. தமிழில் அச்சுப் பெயர் எழுதினால் பெட்டி பெட்டியாக வருகிறது. எழுத்துரு மாற்றினால் ‘வேலூர்’ தப்பாக வருகிறது.

மேட்பிளாட்லிப்போடு வரும் இயல்பான எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை, அதனால் பெட்டி. தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் பெட்டி போய்விடும், ஆனால் நான் பயன்படுத்தும் பதிப்பில் எழுத்துகளைக் கோத்து அமைக்கத் தெரியாது. ‘வே’ என்பதில் இரட்டைக் கொம்பு கணினியின் சேமிப்பில் வகரத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. திரையில் அதை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். அந்த வேலை நடக்காததால் கொம்பு லகரத்தோடு போய் ஒட்டிக்கொண்டு ஊர்ப் பெயர் ‘வலே’ என்று தொடங்குகிறது. நம் ஊரின் பெயரை அப்படிப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

படத்தை எஸ்விஜி கோப்பாகச் சேமியுங்கள். அதற்கு முன் ‘எஸ்விஜி ஃபான்ட்டைப் நன்’ என்ற அமைப்பைக் கொடுத்துவிட்டால் எழுத்துகள் வரைகோடாக மாறாமல் எழுத்தாகவே இருக்கும். அதை இங்க்ஸ்கேப் என்ற இலவசப் படம் வரையும் மென்பொருளில் திறந்தால் தமிழ் சரியாகக் கோத்து வரும். அங்கிருந்து பிடிஎஃப் எடுக்கலாம். கியூஜிஐஎஸ்ஸில் இந்தத் தொல்லை இல்லை.

13. எந்தெந்த மதிப்பில் கோடு போடுவது? மென்பொருள் தருவதையே வைத்துக்கொள்ளலாமா?

மென்பொருள் வட்டமான எண்களாகப் பார்த்துப் போடும். உங்கள் ஆய்வுக்கு எந்த எண் முக்கியம் என்று அதற்குத் தெரியாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500-இன்படி கரைந்த மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. அப்படியென்றால் 500 கோடும் 2000 கோடும் படத்தில் இருந்தே ஆக வேண்டும், அதுவும் மற்றவற்றைவிடத் தடிமனாக. 800, 1600, 2400 என்று மென்பொருள் போட்ட கோடுகளை வைத்துக்கொண்டு ‘பகுதியின் பெரும்பகுதி வரம்பை மீறுகிறது’ என்று எழுதினால், படிப்பவர் எந்தக் கோட்டைப் பார்த்து அதைச் சரிபார்ப்பார்?

இது வெறும் அழகு விஷயம் அல்ல. பாலாற்றுத் தோல் கழிவு பற்றிய வழக்கில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்ததில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகொடுக்க வேண்டும் என்ற கொள்கைக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. இந்த மண்ணில் எந்தக் கிணறு கோட்டுக்கு உள்ளே, எது வெளியே என்பதில் பணமும் வாழ்க்கையும் தொங்கியிருக்கின்றன.

14. பருவமழைக்கு முன், பின் என்று இரண்டு படம். பின்னதில் தண்ணீர் நன்றாகிவிட்டது, ஆனால் நிறம் அப்படியே சிவப்பாக இருக்கிறதே?

இரண்டு படத்துக்கும் தனித்தனி நிற அளவு ஓடுகிறது. முதல் படத்தில் சிவப்பு 4000, இரண்டாவதில் சிவப்பு 1800. 13-வது கேள்வியில் தேர்ந்தெடுத்த மட்டங்களின் பட்டியலை அப்படியே இரண்டுக்கும் கொடுங்கள். நிறப்பட்டையும் ஒன்றே போதும். அச்சின் எல்லைகளும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும் பழைய வானவில் வரிசையை ஜெராக்ஸ் எடுத்தால் இரண்டு முனைகளும் ஒரே அடர்சாம்பலாகிவிடும். மிக நல்ல தண்ணீரும் மிகக் கெட்ட தண்ணீரும் ஒன்றாகத் தெரியும். மேட்பிளாட்லிப் 2017 முதல் இயல்பாகத் தரும் ‘விரிடிஸ்’ கறுப்பு வெள்ளையிலும் இருளிலிருந்து வெளிச்சத்துக்குச் சீராகப் போகும்.

15. கிணறு 1800 காட்டியது. ஆனால் படத்தில் அது 2000 கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. எது பொய்?

கிணறு பொய் சொல்லவில்லை. கட்ட முனைகள் ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தால், இரண்டு முனைக்கு நடுவே விழுந்த கிணற்றின் மதிப்பு கட்டத்துக்குள் நேரடியாக வராது. அண்டை மதிப்புகள் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். கட்டத்தை நெருக்கமாக்கிப் பாருங்கள். கோட்டை வழவழப்பாக்கும் அமைப்பு ஏதாவது செயலில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

அப்படியும் மாறாவிட்டால், கிரிகிங்கில் அளவீட்டுப் பிழைக்கு இடம் கொடுக்கும் ‘நகட்’ மதிப்பு வைத்திருப்பீர்கள்; அப்போது மேற்பரப்பு கிணறுகளின் வழியே சரியாகப் போக வேண்டியதில்லை. அது குற்றமல்ல, ஆனால் எழுத வேண்டும். ஒவ்வொரு கிணற்றுக்கும் அளந்ததையும் படம் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஓர் அட்டவணை கொடுங்கள். 4-வது கேள்வியில் சொன்னபடி புள்ளி வைத்திருந்ததால்தானே இந்த முரண்பாடே உங்கள் கண்ணில் பட்டது!

16. குரோமியத்துக்கு மைனஸ் மதிப்பு வந்துவிட்டது. 0-க்குக் கீழே வருவதையெல்லாம் 0 ஆக்கிவிடட்டுமா?

சத்தமில்லாமல் ஆக்கிவிடாதீர்கள். ஒரு கிணற்றில் மிக அதிகம், பக்கத்தில் மிகக் குறைவு என்றால் வளைவாகப் பொருத்தும் முறைகள் கீழே இறங்கிக் குழி பறித்துவிடும். கிரிகிங்கிலும் இது நடக்கும். முக்கோண முறையில் நடக்காது, அது அளந்த மதிப்புகளின் எல்லையைத் தாண்டுவதில்லை. மதிப்புகள் பத்து, நூறு மடங்கு வேறுபட்டால் மடக்கை (லாக்) எடுத்து இடைச்செருகல் செய்து, பிறகு திரும்ப மாற்றுங்கள். ஒன்று கவனம்: மடக்கை மதிப்புக்குத்தான், எக்ஸ், ஒய் அச்சுக்கு அல்ல. அச்சை மடக்கை ஆக்கிவிட்டு வந்த படத்தை நான் இருமுறை திருத்தியிருக்கிறேன்.

17. படம் சதுரமாக மூலை வரை நிறமாக இருக்கிறது. அச்சைச் சுருக்கினால் சரியாகிவிடுமா?

அச்சின் எல்லையை மாற்றுவது சன்னலைச் சிறிதாக்குவது போல. உள்ளே போட்ட கணக்கு மாறாது. மூலையில் உங்களுக்குக் கிணறே இல்லை, அங்கே இருக்கும் நிறம் வெளிப்புறமாக நீட்டிய கணிப்பு. சில படங்களில் பாலாற்று மணற்படுகையின் உப்பு, ஜவ்வாது மலையின் பாறை மேலும் பரவியிருக்கும். கடைக்கோடிக் கிணறுகளை இணைத்து ஓர் எல்லைக்கோடு வரைந்து, அதற்கு வெளியே வெறுமையாக விடுங்கள். சர்ஃபரில் இதற்கு எல்லைக் கோப்பு கொடுக்கும் வசதி உண்டு; மேட்பிளாட்லிப்பில் அந்த முனைகளுக்கு ‘நான்’ என்ற வெற்று மதிப்பைக் கொடுத்தால் வெள்ளையாகிவிடும். அதன்பின் அந்த எல்லையை ஒட்டிச் சிறு விளிம்பு விட்டு அச்சை நிறுத்துங்கள்.

18. நான் மாணவன் அல்ல, விவசாயி. ஒரு ஆய்வேட்டுப் படத்தில் எங்கள் நிலம் 2000 கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டதா ஐயா?

இந்தக் கேள்வி ஒரே ஒருமுறைதான் வந்தது. மேல்விஷாரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், படத்தின் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அதில் புள்ளிகள் இருந்தன. அளவுகோலை வைத்துப் பார்த்தோம்: அவர் நிலத்துக்கு மிக அருகிலிருந்த புள்ளி மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஆற்றின் அந்தப் பக்கம். அவர் கிணற்றை யாரும் அளக்கவில்லை. புள்ளிகள் இல்லாத படமாக இருந்திருந்தால் என்னால் இதைக்கூட அவருக்குச் சொல்லியிருக்க முடியாது.

உங்களுக்கும் அதே பதில்தான், ஐயா. படத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான புட்டியை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, நிரம்ப நிரப்பி, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோங்கள். புட்டியின்மேல் தேதி, நேரம், கிணற்றின் ஆழம் எழுதி ஒட்டுங்கள். கிணற்றடியில் நின்று கைபேசியில் இடக்குறிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள், தசமத்தில். முடிவு வந்ததும் அந்த ஆய்வு செய்த மாணவருக்கும் அனுப்பினால் அவர் கோப்பில் ஒரு வரி கூடும். கோடு உங்கள் நிலத்தைச் சுற்றி எப்படிப் போக வேண்டும் என்பதை அந்த வரி சொல்லும்.